ரன் என்றால் ஓடு

2011. பீளமேட்டில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் ரெஸ்யூமைப் புரட்டிக்கொண்டே, அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் நடுங்காமல் இருக்கட்டும் என்று கேட்கிற கேள்வி அது. மூன்று நாளாக ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வாக்கியத்தை நான் சொன்னேன்.

"மை ஃபாதர் ரன்ஸ் பவர்லூம்ஸ், சார்."

"ஓ, நைஸ். ஹவ் மெனி லூம்ஸ்?"

"சிக்ஸ், சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தமிழுக்கு மாறி, "அப்ப சொந்தத் தொழில் இருக்கு. அதை விட்டுட்டு எதுக்குத் தம்பி சாஃப்ட்வேருக்கு வர்றீங்க?" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அடுத்த நொடி புரிந்துவிட்டது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு தறிகூட இல்லை. சோமனூர் பக்கம் இன்னொருத்தருடைய தறிக்குடோனில், மீட்டர் கணக்குக் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. வினைச்சொல் சரி, ஒருமைக்கு உரிய விகுதி சரி, ஆறு என்ற எண்ணிக்கையும் சரி. ஆனால் அந்த அறையில் அது போய்ச் சேர்ந்த இடத்தில் என் அப்பா முதலாளியாகிவிட்டார்.

"எனக்கு கம்ப்யூட்டர்லதான் சார் இன்ட்ரஸ்ட்" என்றேன். வேலை கிடைத்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்த புத்தகங்களைப் பற்றியதும்கூட. ஆங்கிலம் கற்கும் நூல்களையும் அகராதிகளையும் யாரும் இலக்கிய விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. நாவல் சரியில்லை என்றால் நாலு பேர் எழுதுகிறோம். நம் வாழ்க்கையில் நாவலைவிட அதிகம் புரட்டப்பட்ட புத்தகம் சரியா தப்பா என்று கேட்டதே இல்லை. தமிழ்வழியில் படித்து ஐடிக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதல் பாடநூல் சுவரில் மாட்டியிருந்த சார்ட். மூன்று பத்தி: நிகழ்காலம், இறந்தகாலம், முற்றுவினை எச்சம். கோ, வென்ட், கான். ரன், ரேன், ரன். நான்காவதாக ஒரு குட்டிப் பத்தியில் தமிழ்: ஓடு. எங்கள் வகுப்பில் இதை ராகம் போட்டுச் சொல்வோம். ரன் எங்களுக்குச் சுலபமான சொல், ஏனென்றால் கிரிக்கெட்டில் அது ஏற்கெனவே இருந்தது. ரன் என்றால் ஓட்டம், ரன் அவுட் என்றால் ஓடி அவுட் ஆவது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது மாதவன் நடித்த 'ரன்' வந்தது. அதிலும் ஓடினார்கள். ஆகவே ரன் என்றால் ஓடு என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கிரிக்கெட்டும் சினிமாவும் சார்ட்டும் ஒரே பக்கம் நின்றால் பள்ளிக்கூடத்துப் பையன் என்ன செய்வான்?

அந்தச் சார்ட்டின் குற்றம், பொருளைத் தப்பாகச் சொன்னது அல்ல. ஒரு வினைச்சொல்லுக்கு மூன்று காலங்கள் தெரிந்தால் போதும், மனிதர்கள் தேவையில்லை என்று அது நம்பவைத்தது. ஓடுவது யார், எதை, யாருக்காக? அதற்கெல்லாம் பத்தி ஒதுக்கவில்லை.

அடுத்து ரெபிடெக்ஸ். கபில்தேவ் சிபாரிசு செய்த அந்தத் தடிப்புத்தகம் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, அட்டை போய், கை மாறி மாறி வந்தது. அதைக் கிண்டலடிப்பது இப்போது எளிது. நான் அடிக்க மாட்டேன். சார்ட்டுக்கு இல்லாத ஒன்று அதில் இருந்தது: வாக்கியம். கடையில், ரயில் நிலையத்தில், டாக்டரிடம் என்று சந்தர்ப்பம் சந்தர்ப்பமாக முழு வாக்கியங்கள். கூச்சப்படுகிறவனின் வாயைத் திறக்கவைக்க அது போதும். ஆனால் அந்த வாக்கியங்கள் ரெடிமேட் சட்டை மாதிரி. தைத்தவருக்கு நம் தோள் அளவு தெரியாது. டாக்டரிடம் போனால் என்ன சொல்வது என்று இருக்கும். தறிக்குடோனில் வேலை செய்கிற அப்பாவை ஏசி ரூமில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று இருக்காது. அதற்கு நாமே தைக்க வேண்டும், தைக்க வினைச்சொல்லின் வெட்டு தெரிந்திருக்க வேண்டும்.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலம் நண்பர்களோடு ஹோப்ஸ் பக்கம் பரோட்டா சாப்பிடப் போகாமல் நூலகத்துக்குப் போனேன். வேலை கிடைத்த பையன் செய்கிற காரியமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அங்கே இருந்தது. அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவானது. பெரிய உழைப்பு. அறிவியலையும் சட்டத்தையும் தமிழில் சொல்லிவிட முடியும் என்று நம்பிய ஒரு தலைமுறையின் கிடங்கு அது. இன்றைக்கும் மொழிபெயர்க்கிற நண்பர்கள் முதலில் திறப்பது அதைத்தான். ஆங்கிலச் சொல்லை எடுத்தால் எதிரே தமிழ்ச் சொற்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும். ரன்னுக்கு அந்த வரிசை நீளம். படித்துக்கொண்டே போனேன். எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் கோத்திருந்தது. எந்தப் பூட்டுக்கு எது என்று மட்டும் எழுதவில்லை. ஒரு உதாரண வாக்கியம் இருந்திருந்தால் போதும்.

அதைக் குறையாகச் சொல்வது நியாயமா என்று பிறகு யோசித்திருக்கிறேன். அந்தக் களஞ்சியம் ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்த, தமிழ்ச் சொல் தேடுகிற அறிஞருக்காகச் செய்யப்பட்டது. என்னைப் போல எதிர்த் திசையில் வருகிறவனை அது எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்த அகராதியைத் திறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் எதிர்த் திசையில் வந்தவர்கள்தானே.

ரன் சாதாரண வினைச்சொல் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு, 430 பொருள்கள். நான் இன்டர்வியூவில் உட்கார்ந்த அதே 2011-இல் ஒரு செய்தி வந்தது: திருத்திய பதிப்பில் ரன் முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அதைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஏன் முந்தியது என்பதற்குச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: இயந்திரங்கள். ரயில், ஆலை, மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர். இயந்திர யுகம் வந்ததும் ஆங்கிலேயர்கள் புதுச் சொல் தேடவில்லை. கால் உள்ள உயிர்கள் செய்துகொண்டிருந்த வேலையைக் கால் இல்லாத இரும்புக்குக் கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு லண்டன் நினைவுக்கு வரவில்லை, அவிநாசி ரோடுதான் வந்தது. ஏனென்றால் இதே கதை இங்கேயும் நடந்திருக்கிறது, யாரும் 645 என்று எண்ணவில்லை, அவ்வளவுதான். கொங்கு நாட்டில் 'ஓட்டு' என்பது முதலில் மாட்டுக்கு உரிய வினை. மாடு ஓட்டறது, ஏர் ஓட்டறது, வண்டி ஓட்டறது. காக்காயை ஓட்டறது என்றால் விரட்டுவது. பிறகு 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கியதும் மில்கள் பெருகின. 1937-இல் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் செய்யப்பட்டது இதே பீளமேட்டில், ஜி.டி. நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில், பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. கிணற்று மேட்டில் மாடு நின்ற இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. மாட்டுக்கு இருந்த வினைச்சொல் மோட்டாருக்குப் போனது. மோட்டார் ஓடுது. மில் ஓடுது. சினிமாக் கொட்டகையில் படம் ஓடுது. பொழப்பு ஓடுது.

இதில் எனக்கு முக்கியமானது தறி. கைத்தறிக்கு எங்கள் ஊரில் வினைச்சொல் 'நெய்'. தறி நெய்யறாரு என்போம். விசைத்தறி வந்ததும் அந்த வினை காணாமல் போய்விட்டது. தறி ஓட்டறாரு. அதே பாவு, அதே ஊடை, அதே நாடா, வெளியே வருவதும் அதே துணி. வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. நெய்வது இப்போது இரும்பு. மனிதன் இழை அறுந்தால் முடிகிறான், தார் தீர்ந்தால் மாற்றுகிறான், நின்ற தறியைத் திரும்ப எடுத்துவிடுகிறான். மாட்டுக்குப் பின்னால் நடந்த ஆள் எப்படியோ அப்படி. யாரும் கமிட்டி போட்டு இதை முடிவு செய்யவில்லை. வேலையின் தன்மை மாறியதைப் பேச்சு உடனே கவனித்துவிட்டது.

முதலாளிக்கு இந்த வினை கிடையாது என்பதையும் பேச்சு கவனித்திருக்கிறது. தறி உடைமையாளரைப் பற்றிச் சொல்லும்போது 'அவரு தறி போட்டிருக்காரு' என்பார்கள். கடை என்றால் 'கடை நடத்தறாரு'. ஓட்டுகிறவர், போட்டிருக்கிறவர், நடத்துகிறவர் என்று மூன்று பேர். ஆங்கிலத்தில் மூன்று பேரையும் ரன் என்ற ஒரே கதவு வழியாக உள்ளே விட முடியும். நான் அனுப்பியது முதல் ஆளை. அவர் வரவேற்றது மூன்றாவது ஆளை.

நடத்து என்ற சொல்லிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அது 'நட'விலிருந்து வருவது. ஆங்கிலேயன் கடையை ஓடவைக்கிறான், நாம் நடக்கவைக்கிறோம். கடை நன்றாகப் போகவில்லை என்றால் முதலாளி 'ஈ ஓட்டிட்டு' உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் அவருக்கு ஓட்டு என்ற வினையே கிடைக்கிறது. பஸ்ஸில் ஏறினால் இரண்டு வினையும் காக்கிச் சட்டை போட்டு நிற்கும்: ஓட்டுநர், நடத்துநர். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அதை ஓட்டியதும் அவரே, நடத்தியதும் அவரே என்பார்கள். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் 'ரேன் எ பஸ்' என்று எழுதினால் அது அதிசயமாக இரண்டு பொருளிலும் உண்மை. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமைவதில்லை.

இந்த விஷயத்தை எனக்கு இலக்கணமாகத் தெளியவைத்தது கு. பரமசிவம் எழுதிய 'இக்காலத் தமிழ் மரபு'. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, பழைய புத்தகக் கடையில் எடுத்தது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம், திருந்தினான், திருத்தினான் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு. பரமசிவம் அந்தப் பெயர்கள் இந்த ஜோடிகளுக்குப் பொருந்தவில்லை என்கிறார். அவர் வைக்கிற பெயர்கள் இயங்குவினை, இயக்குவினை. ஓடு இயங்குவினை, ஓட்டு இயக்குவினை. ஆடு, ஆட்டு. திரும்பு, திருப்பு. நிரம்பு, நிரப்பு. செயலுக்கு ஆளாகிறவர் எழுவாயா, செயலை இன்னொன்றின் மேல் செலுத்துகிறவர் எழுவாயா என்பதைத் தமிழ் வினைச்சொல்லின் உடம்பிலேயே எழுதி வைத்துவிடுகிறது. ஒரு ட் கூடினால் ஆள் மாறிவிடுகிறார்.

'ஓட்டு' என்பது 'ஓடவை' அல்ல என்பதை யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது ஏன் முக்கியம் என்று புரியும். வாத்தியார் பையனை மைதானத்தில் ஓடவைக்கலாம், தான் மர நிழலில் நின்றபடி. பையனை ஓட்டினார் என்றால் விரட்டினார் அல்லது கிண்டலடித்தார் என்று ஆகிவிடும், கூடவே அவரும் இருந்தாக வேண்டும். தறியை ஓட்டுகிறவர் தறியோடு இருக்கிறார். தறியை ஓடவைக்கிறவர் மோட்டார் ரிப்பேர்காரராக இருக்கலாம், மின்வாரியமாகவும் இருக்கலாம். அந்த வருடங்களில் மின்வெட்டு எங்கள் ஊரைப் படுத்திய பாட்டில் கரண்ட்டும் ஒரு எழுவாய்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பரமசிவத்தின் புத்தகம் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். அது மாணவருக்காக எழுதப்பட்டது என்றாலும் நடை வறண்டது, கையில் பென்சில் இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் எனக்கு வருத்தம் அவர் மேல் இல்லை. என் பள்ளியில் தமிழ் ஐயா பிறவினை நடத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் அடுத்த அறையில் ஆங்கில வாத்தியார் ரன், ரேன், ரன் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தட்டிச் சுவர். ஓடு, ஓட்டு தெரிந்த பையனிடம், "தம்பி, இங்கிலீசுக்காரனுக்கு இந்த ரெண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால அவன் வாக்கியத்தில யாரு இயங்கறா யாரு இயக்கறான்னு நீதான் பாத்துக்கணும்" என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

என் தொழிலிலும் இது தினம் நடக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. முதல் வருடம் சி லேப், டர்போ சியின் நீலத்திரை, கண்ட்ரோலோடு எஃப்9 அழுத்தினால் ரன். நாங்கள் என்ன பேசிக்கொள்வோம்? "ரன் ஆகுதாடா?" "இல்ல, இரு, மறுபடி ரன் பண்றேன்." ஆகு, பண்ணு. ஆங்கிலத்திலிருந்து ரன்னைக் கடன் வாங்கினோம், வாங்கிய கையோடு அதை இரண்டாகப் பிளந்து இயங்குவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என்று வாலைச் சேர்த்துவிட்டோம். ஆங்கிலம் மூடி வைத்திருந்ததைத் திறந்து வைக்காமல் நம் நாக்குக்கு நிம்மதி இல்லை. தமிங்கிலம் என்று எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள்! 2010-இல் எங்கள் கல்லூரிக்கு எட்டும் தூரத்தில், கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது அவிநாசி ரோடு முழுக்கத் தமிழ் வாழ்க தட்டிகள். அந்த வாரமும் நாங்கள் ரன் ஆகுது, ரன் பண்றேன் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். பரமசிவத்தின் இலக்கணத்தை அச்சுப்பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போது தெரியாது.

நல்ல அகராதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்று, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வந்த கோபில்ட். கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான எழுத்தையும் பேச்சையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, அதிலிருந்து பொருளை எடுத்த அகராதி. அதில் பொருளே முழு வாக்கியமாக வரும்: ஒருத்தர் இப்படிப்பட்ட ஒன்றை ரன் செய்தால் இன்னது செய்கிறார் என்று. எழுவாயும் செயப்படுபொருளும் கூடவே நிற்கும். சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத்தான் அறிய வேண்டும் என்று ஃபர்த் என்ற மொழியியலாளர் 1950களில் சொன்னதன் நடைமுறை வடிவம். (இன்றைய மொழி மாதிரிகளும் அந்தக் கருத்தின் பேரப்பிள்ளைகள்தான். அது வேறு கட்டுரை.)

இரண்டாவது, 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, 2020-இல் மூன்றாவது. அந்தப் பதிப்பு வந்த சில நாட்களில் க்ரியா ராமகிருஷ்ணன் கோவிட்டில் போனார். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழில் பொருள், ஆங்கிலத்தில் பொருள், அப்புறம் இன்றைய தமிழில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியங்களுக்காகவே நான் அதை நாவல் மாதிரி படித்திருக்கிறேன். ரன்னைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஆங்கில அகராதி அல்ல, க்ரியாவில் ஓடு, ஓட்டு, நடத்து, இயங்கு, இயக்கு என்று ஐந்து பக்கங்களுக்கு விரல் வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்ததுதான். பின்வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் போவது. அகராதியைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது என்றும் சொல்லலாம். ஆனால் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? ஆங்கிலச் சொல்லில் தொடங்கி, க்ரியாவின் கண்ணோடு தமிழ் வாழ்க்கையிலிருந்து வாக்கியம் எடுத்து விளக்குகிற புத்தகம் என் பதினாறு வயதில் என் கையில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ரன்னுக்கு ஒரு பதிவு எழுதிப் பார்த்தேன். ஆறு ரன் என்றால் ஓடுது, சரி. மூக்கு ரன் என்றால் ஒழுகுது. காய்ச்சல் ரன் என்றால் அடிக்குது. திருப்பூர் பனியனில் கலர் ரன் ஆனால் சாயம் போகுது. ரோடு ரன் என்றால் போகுது. பால் ரன் அவுட் ஆனால் தீந்து போச்சு (கிரிக்கெட் பையன் மண்டை குழம்பும் இடம் இது). பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்தால் போடுது. அமெரிக்காவில் தேர்தலுக்கு ரன் செய்கிறார்கள். நாம் தேர்தலில் நிற்கிறோம், பிரிட்டிஷ்காரர்களும் நிற்கத்தான் செய்கிறார்கள். ஜெயித்தபிறகு ஓடுவது வேறு. இருபது வரி எழுதியதில் 'ஓடு' வந்தது மூன்றே இடத்தில். ரன் என்றால் ஓடு என்று சொல்லிக்கொடுத்த சார்ட் இருபதுக்கு மூன்று வாங்கியது.

இருபத்தோராவது வரியாக 'ரன்ஸ் பவர்லூம்ஸ்' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். தமிழ் எழுத வரவில்லை. 'ஆபரேட்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது, 'ஒர்க்ஸ் இன்' இருந்தது. எந்த அகராதியையும் திறக்காமலே எனக்குத் தெரிந்த சொற்கள். அந்த அறையில், "சொந்தத் தொழில்" என்று அவர் சொன்ன பிறகு, தமிழில் பேசவும் அவரே வாசல் திறந்துவிட்டிருந்தார். "இல்லைங்க சார், அப்பா கூலிக்கு ஓட்டறாரு" என்று நான்கைந்து சொல் போதும். முதல் வாக்கியம் சார்ட்டின் பிழை, ரெபிடெக்ஸின் பிழை, பல்கலைக்கழகக் காற்புள்ளிகளின் பிழை என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். எழுதியும்விட்டேன். இரண்டாவது வாக்கியத்தை நான் தாய்மொழியில் சொன்னேன்.

போன வருடம் அக்காவின் பிரசவத்துக்கு அப்பா அம்மாவை வெளிநாடு அனுப்ப விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா தறியை விட்டு ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. அவர் ஓட்டிய தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. தொழில் என்ற கட்டம் வந்ததும் கேட்டேன்.

"என்ன வேலைன்னு போடட்டுங்கப்பா?"

"தறி ஓட்டிட்டிருந்தேன்னு போடு."

"இங்கிலீசுல வீவர்னு போட்டுடலாங்களா? நெசவாளின்னு அர்த்தமுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசவாளியா? உங்கப்பாரு நெஞ்சாரு. குழிக்குள்ள காலை வுட்டுட்டு, கையில நாடாவ அடிச்சு நெஞ்சாரு. நானெங்க சாமி நெஞ்சேன்? மிசினு நெஞ்சுது. நான் ஓட்டினேன்."

கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியவில்லை, அப்போதுதான் அந்த இன்டர்வியூவைச் சொன்னேன். ரன்ஸ் என்று சொன்னதையும், அவர் முதலாளி என்று அந்த ஆள் நினைத்ததையும், நான் மாற்றிச் சொல்லாததையும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் திண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தறின்னு சொன்னே?"

"ஆறுங்க."

"எட்டு சாமி. அந்த வருசம் இன்னும் ரெண்டைச் சேத்திக் குடுத்திருந்தாங்க. உன்ற காலேஜ் பீசுக்குன்னு நான்தான் கேட்டு வாங்குனேன்."